கண்ணில் சீழ் கண்டால்

கண் சிவந்து, இமை வீங்கி, காலையில் எழும்போது பூளை ஒட்டிக்கொள்ளும் நோயை அறியாத வீடு இல்லை. ஒருவருக்கு வந்தால் அடுத்தவரையும் தொற்றும். சில நாட்களில் தானே தணியும். பின்னர் அதனை எவரும் நினைப்பதில்லை. ஆனால் இதே சிவப்போடும் இதே நீர்வடிதலோடும் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்குள் பார்வையைப் பறித்துச் செல்லும் நோய்களும் உள. முன்னதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பின்னதை அசட்டை செய்தால் இழந்த பார்வை எளிதில் மீளாது. இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தாற் போதும்.

கண்ணின் முன்புறத்திலுள்ள இரண்டு படலங்களைப் பற்றி முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. ஒன்று, கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு. மற்றது, கருவிழிக்கு முன்னே மணிக்கூட்டின் கண்ணாடிபோல் அமைந்துள்ள வட்டமான படலம். நூல்கள் இதற்கு விழிவெண்படலம் என்று பெயரிட்டாலும், நலமுள்ள கண்ணில் இது நிறமின்றித் தெளிவாகவே இருக்கும். நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உடைய இப்படலத்தின் ஊடாகத்தான் ஒளி கண்ணினுட் புகுகின்றது. ஒளிக்குத் தடை நேராதவாறு இதில் குருதிக் குழாய்கள் இல்லாமல் இயற்கை அமைத்திருக்கிறது. அதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. குருதியோட்டம் இல்லாத இடமாதலின், நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் இங்கு வந்து சேரக் காலம் செல்லும். வெள்ளைப் பகுதியின் சவ்வில் உண்டாகும் சாதாரண அழற்சி பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடும். விழிவெண்படலத்திலோ புண் ஆழச் சென்றால், ஆறிய பின்னும் வெண்மையான தழும்பு நிற்கும். அத்தழும்பு நடுவில் அமைந்துவிட்டால், பனி படிந்த யன்னற் கண்ணாடி வழியே பார்ப்பது போன்ற நிலை வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

கையிலும் காற்றிலும் தூசியிலும் கிருமிகள் நிறைந்திருக்க, கண் நாள்தோறும் நோயுறாமல் இருப்பது எவ்வாறு? இமைகள் ஓயாது சிமிட்டித் தூசியைத் துடைத்தெறிகின்றன. கண்ணீர் இடைவிடாது கழுவிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. கிருமிகளின் சுவரைக் கரைத்து அவற்றை அழிக்கவல்ல லைசோசைம் என்னும் பொருளும் அதில் உண்டு. 1922 ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தவர், பின்னர் 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்து புகழ்பெற்ற அலெக்சாந்தர் பிளெமிங் ஆவார். இக்காவல்கள் உறுதியாக உள்ளவரை கிருமி உட்புகுதல் அரிது. அழுக்குக் கை கண்ணைக் கசக்கும்போதும், விழியில் கீறல் உண்டாகும்போதும், கண்ணீர் வழிந்தோடும் குழாய் அடைபடும்போதும் காவல் தளர்கின்றது.

சாதாரணக் கண்ணோயை உண்டாக்கும் கிருமிகள் பல. திராட்சைக் குலைபோல் கூட்டமாகக் காணப்படும் ஸ்ரபிலோக்கொக்கசு, இரட்டை இரட்டையாகக் காணப்படும் நிமோக்கொக்கசு, சிறு கோல் போன்ற ஹீமோபிலசு ஆகியவை இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. இவையாவும் பற்றீரியா என்னும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். வாந்திபேதியை ஆராய்வதற்காக 1883 இல் எகிப்துக்குச் சென்ற ஜேர்மன் அறிஞர் றொபேட் கொக், அங்கே கண்ணோயுற்றவர்களின் சீழையும் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இத்தகைய சிறு கோல்வடிவக் கிருமியொன்றைக் கண்டார்.

ஆயினும் சிவந்த கண்கள் எல்லாம் பற்றீரியாவினால் உண்டானவை அல்ல. வைரசுக் கிருமிகளாலும் கண் சிவக்கும், ஒவ்வாமையினாலும் சிவக்கும். வேறுபாட்டை அறிய, கண்ணிலிருந்து வெளிவருவது யாது என்று பார்க்க வேண்டும். பற்றீரியாவினால் வருவதாயின் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ தடித்த சீழ் தள்ளும். துடைத்த சிறிது நேரத்தில் மீண்டும் திரளும். காலையில் இமைமயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணைத் திறப்பதே கடினமாகும். பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி, இரண்டொரு நாளில் மறு கண்ணுக்கும் பரவும். வைரசினால் வருவதாயின் நீர் போன்ற கசிவே மிகுதி. தடிமனும் தொண்டை நோவும் உடன் இருக்கலாம். காதுக்கு முன்னே சிறு நெறிக்கட்டி தோன்றுவதும் உண்டு. ஊர் முழுவதும் ஒரே காலத்தில் பரவும் கண்ணோய் பெரும்பாலும் இவ்வகையினதே. ஒவ்வாமையில் இரு கண்களும் ஒருங்கே சிவந்து, தாங்கமுடியாத அரிப்பு எடுக்கும். இவ்வடையாளங்கள் நூற்றுக்கு நூறு உறுதியானவை அல்ல. ஆயினும் நல்ல வழிகாட்டிகள். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது என்பதனால் இவ்வேறுபாடு பயனுடையது.

சாதாரணப் பற்றீரியாக் கண்ணோய் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் மருந்தின்றியே மாறக்கூடியது. மருந்திட்டால் சற்று விரைவாகக் குணமாகும். பிறருக்குத் தொற்றும் காலமும் குறையும். குளோரம்பெனிக்கோல் போன்ற துளிமருந்தை வைத்தியர் எழுதிக் கொடுப்பது வழக்கம். முதல் இரண்டு நாட்கள் விழித்திருக்கும் வேளையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துளியும், பின்னர் நாளொன்றுக்கு நான்கு முறையுமாக, ஐந்து நாட்கள் இடுமாறு அவர் கூறலாம். இரண்டாம் நாளிலேயே சிவப்புத் தணிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துதல் தவறு. எஞ்சிய மருந்தை அடுத்த ஆண்டுக்கெனச் சேமித்து வைப்பதும் தவறு. துளிமருந்துப் புட்டியைத் திறந்து நான்கு வாரம் கடந்தால், அதனை எறிந்துவிடுவதே பாதுகாப்பான வழக்கம்.

மருந்திடும் முறையிலும் கவனம் வேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், கொதித்தாறிய நீரில் நனைத்த தூய பஞ்சினால், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகப் பூளையைத் துடைத்தெடுத்தல் வேண்டும். ஒரு முறை துடைத்த பஞ்சை மறுமுறை பயன்படுத்தலாகாது. கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால் சிறு பள்ளம் தோன்றும். அதில் ஒரு துளி விட்டாற் போதும். புட்டியின் முனை இமையிலோ மயிரிலோ படுதல் கூடாது. பின்னர் கண்ணை மூடி, மூக்கின் அருகே உள்ள கண் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்குள் வடியாமல் கண்ணிலேயே தங்கும். சீழ் வடியும் கண்ணைத் துணியாற் கட்டிவைப்பது கிருமிகளுக்கு வெம்மையான இருப்பிடம் அமைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நோயாளியின் துவாய், தலையணை உறை, கண்மை ஆகியவற்றைப் பிறர் தொடாமலிருந்தால், நோய் வீட்டின் ஏனையோரை அணுகாது.

இமை விளிம்பில் தோன்றும் கண்கட்டியும் பெரும்பாலும் ஸ்ரபிலோக்கொக்கசின் வேலையே. இமைமயிரின் அடியிலுள்ள சிறு சுரப்பியில் சீழ் பிடிப்பதால் இது உண்டாகின்றது. பொறுக்கக்கூடிய வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துணியை, மூடிய இமையின்மேல் பத்து நிமிட அளவில், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வைத்துவந்தால், கட்டி தானே உடைந்து சீழ் வெளியேறும். அதனைப் பிதுக்குதல் கூடாது. மீண்டும் மீண்டும் கண்கட்டி வருபவர்கள் நீரிழிவு உண்டா என்று சோதித்துக்கொள்வது நலம்.

இதுகாறும் கூறியவை அஞ்ச வேண்டாத நோய்கள். அஞ்ச வேண்டியதை எவ்வாறு அறிவது? கண் சிவந்தவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பூளையைத் துடைத்து, கண்ணை நன்கு சிமிட்டிய பின்னும் பார்வை மங்கலாக இருக்கிறதா? மணல் விழுந்தது போன்ற உறுத்தலையும் கடந்து, கண்ணில் ஆழ்ந்த வலி உண்டா? வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கண் கூசுகிறதா? இம்மூன்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையானால், அது வெறுங் கண்ணோய் அன்று என்று கொள்ளுதல் வேண்டும். பார்வையைச் சோதிக்கும்போது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துப் பார்த்தல் அவசியம். இரு கண்களாலும் ஒருங்கே பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். இவற்றோடு, கருவிழியின்மேல் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி தோன்றினால் ஐயத்துக்கே இடமில்லை. விழிவெண்படலத்தில் புண் உண்டாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

இப்புண்ணுக்குப் பெரும்பாலும் முன்னோடியாக இருப்பது சிறு காயம். அருவி வெட்டும்போது நெற்றாளின் நுனி குத்தும். சூடடிக்கும்போது உமி தெறிக்கும். வேலி அடைக்கும்போது பனையோலைக் கருக்கு உராயும். கல் உடைக்கும்போது சில்லுப் பாயும். கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவினதாக இருக்கலாம். அக்கீறலின் வழியே கிருமி உட்புகுந்தால், ஓரிரு நாளில் புண் வளரத் தொடங்கும். சூடோமோனாசு என்னும் கிருமியாயின், ஓரிரு நாட்களுக்குள் விழிவெண்படலத்தைக் கரைத்துத் துளையிட்டுவிடவும் வல்லது. கண்ணோடு ஒட்டி அணியும் வில்லைகளைக் குழாய்நீரில் கழுவுவோரையும், அவற்றை அணிந்தபடியே உறங்குவோரையும் இக்கிருமி பெரிதும் நாடும்.

காயம்பட்ட கண்ணுக்கு மருந்திடுவதில் நாட்கணக்கன்று, மணிக்கணக்கே முக்கியம் என்பதை நேபாள நாட்டின் பக்தபூர் மாவட்டத்தில் நடைபெற்ற ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. காத்மாண்டுவை அடுத்த அக்கிராமங்களில், உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்து, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு ஒரு வீதக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளொன்றுக்கு மூன்று முறையாக மூன்று நாட்கள் இடச் செய்தனர். முடிவுகள் 2001 இல் வெளியாயின. இவ்வாறு மருந்து பெற்றோர் 442 பேர். காயம்பட்டு 18 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கியவர்கள் 284 பேர். அவர்களுள் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தோர் 109 பேர். அவர்களுள் 4 பேருக்குப் புண் கண்டது. ஒரு நாள் கடந்து இரண்டாம் நாளில் வந்தோர் 49 பேர். அவர்களுள் 14 பேருக்குப் புண் கண்டது. மருந்து ஒன்றே, மனிதரும் ஒரே வகையினர், வேறுபட்டது வந்து சேர்ந்த நேரம் மட்டுமே. வயலில் கண்ணில் அடிபட்டவர், "மாலையில் வீடு சென்று பார்ப்போம், நாளை விடிந்தபின் பார்ப்போம்" என்று தாமதிப்பது எத்துணை விலையுயர்ந்த தாமதம் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

புண் உண்டாகிய பின் வீட்டு மருத்துவத்துக்கு இடமில்லை. கண் வைத்தியர் புண்ணின் விளிம்பைச் சிறிது சுரண்டி எடுத்து, நுணுக்குக்காட்டியில் ஆராயச் செய்வார். தாவரத்தாற் பட்ட காயங்களில் பற்றீரியாவுக்குப் பதிலாகப் பூஞ்சணம் குடியேறியிருத்தலும் உண்டு. அதற்குரிய மருந்து வேறு. கிருமி இன்னது என அறிந்தபின், வலிமை மிக்க துளிமருந்துகளை இரவும் பகலும் மணிக்கொருமுறை இட வேண்டி நேரலாம். ஆதலினாலேயே இத்தகையோரைச் சிலவேளைகளில் வைத்தியசாலையில் தங்கச் செய்கின்றனர்.

வயது வந்தவரின் கண்ணைவிடப் பன்மடங்கு விரைந்து கெடக்கூடியது பச்சிளங் குழந்தையின் கண். தாயின் பிறப்பு வழியில் மேகவெட்டைக் கிருமி இருக்குமாயின், பிறக்கும்போதே அது குழந்தையின் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முதல் ஐந்து நாட்களுள் இமைகள் பெரிதும் வீங்கி, திறந்தவுடன் சீழ் பீறிடும். அக்கிருமி காயமற்ற விழிவெண்படலத்தையும் துளைக்கவல்லது. ஐரோப்பாவின் குருடர் பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் பலர் ஒரு காலத்தில் இந்நோயாற் பார்வை இழந்தவர்களே. 1879 இல் அல்பேட் நைசர் இக்கிருமியைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில், லைப்சிக் நகரப் பிரசவ வைத்தியசாலையின் தலைவராயிருந்த கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வீத வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விடும் வழக்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன் அங்கே நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் கண்ட நோய், ஒன்றுக்கும் குறைவாக இறங்கியது. ஒரு துளி மருந்து எண்ணற்ற குழந்தைகளுக்குப் பார்வையைக் காத்துக் கொடுத்தது.

பெனிசிலின் மருந்தாற் குணமானவர்கள் என்று பதிவான முதல் நோயாளிகளுள் இத்தகைய குழந்தைகளும் இருந்தமை பலர் அறியாத செய்தி. பிளெமிங்கிடம் பயின்ற செசில் பெயின் என்னும் வைத்தியர், 1930 நவம்பரில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில், பெனிசிலியப் பூஞ்சணம் வளர்ந்த திரவத்தை வடித்து, கண்ணில் சீழ் பிடித்த குழந்தைகளுக்கு இட்டுக் குணப்படுத்தினார். ஒக்ஸ்பேட்டில் 1941 இல் பெனிசிலின் ஊசி முதன்முதல் நோயாளிகளுக்குப் பயன்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. பெயின் அதனை வெளியிடாமையால் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. இன்று மேகவெட்டைக் கிருமி பெனிசிலினுக்கு அடங்குவதில்லை. வேறு ஊசிமருந்து வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் தோன்றும் சீழ் கிளமிடியா என்னும் மற்றொரு பற்றீரியாவினாலும் ஆகலாம். அதற்கு வாய்வழி மருந்தும் தேவை. இவ்விரண்டிலும் தாய் தந்தையர் இருவரும் மருந்து பெறுதல் வேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால், அதே நாளில் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வதே பெற்றோர் கடன். தாய்ப்பாலைக் கண்ணிற் பீய்ச்சுவது பழைய வழக்கமாயினும், இக்கிருமிகளை அது வெல்லாது. அருமையான நேரமே வீணாகும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளில் மற்றோர் ஆபத்துண்டு. தடிமனுக்குப் பின் முகவெலும்பின் குழிகளில் தங்கிய சீழ், கண்ணின் பின்புறத்துக்குப் பரவுதல் கூடும். காய்ச்சலோடு ஒரு கண்ணின் இமை வீங்கி, விழி முன்னே பிதுங்கி, அதனை அசைக்கும்போது பிள்ளை நோவால் அழுதால், கணமும் தாமதித்தலாகாது. அது கண்ணை மட்டுமன்றி உயிரையும் தொடும் நோய்.

கிளமிடியாக் கிருமியின் மற்றொரு வகையே திராக்கோமா என்னும் கண்ணோய்க்குக் காரணம். இது நெடுநாள் வைரசு என்று கருதப்பட்டது. சீன அறிஞர் தாங் பெய்பான் அதனைக் கோழிமுட்டையில் வளர்த்து 1957 இல் வெளியிட்டமை அதன் இயல்பை அறிய வழிவகுத்தது. குழந்தைப் பருவத்தில் மீண்டும் மீண்டும் தொற்றும்போது இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கும். இமைமயிர்கள் உள்நோக்கித் திரும்பி விழியை உராயும். இறுதியில் பார்வை மங்கும். முகம் கழுவ நீரும், ஈ மொய்க்காத சுற்றாடலும், உரிய மருந்தும் கிடைத்த இடங்களில் இந்நோய் பின்வாங்கியுள்ளது. இந்தியாவில் இது பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டதை உலகச் சுகாதார நிறுவனம் 2024 இல் ஏற்று அறிவித்தது.

கண்ணோயை வளர்ப்பவை கிருமிகள் மட்டுமல்ல. மனிதரின் சில பழக்கங்களும் துணைபோகின்றன. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுதல், தேன் விடுதல், நாவினால் தூசி எடுத்தல் ஆகியவை கீறலுற்ற கண்ணுக்குப் புதிய கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். இவற்றினும் கொடியது, சிவப்பை மாற்றும் துளி என்று கேட்டு, வைத்தியரின் சீட்டின்றி மருந்துக்கடையில் ஸ்ரெரொயிட்டுக் கலந்த மருந்தை வாங்கி இடுதல். அது அழற்சியை அடக்குவதால் கண் வெளுக்கும், வலியும் குறையும், நோய் மாறிவிட்டது என்று மனம் மகிழும். உள்ளேயோ எதிர்ப்புச் சத்தி குன்றிய கண்ணில் கிருமியும் பூஞ்சணமும் தடையின்றிப் பெருகும். நெடுநாள் இட்டால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, வேறொரு வழியாகவும் பார்வை கெடும். நோயாளியின் கண்ணைப் பரிசோதித்த வைத்தியர் ஒருவரே அம்மருந்தின் தேவையையும் அளவையும் தீர்மானிக்கத்தக்கவர்.

புண் ஆறித் தழும்பாகிய பின் செய்யத்தக்கது, இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த படலத்தைப் பொருத்துதல். இத்துறையில் இலங்கைக்கு உலகெங்கும் நற்பெயர் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய இலங்கைக் கண்தான சங்கம், 1964 முதல் பிற நாடுகளுக்கும் விழிகளை அனுப்பி எண்ணற்றோருக்கு ஒளி வழங்கியிருக்கிறது. ஆயினும், இரவல் படலம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எல்லாக் கண்களும் அதனை ஏற்பதில்லை. தன் கண்ணின் படலத்தைத் தானே காத்துக்கொள்ளுதற்கு ஈடு எதுவும் இல்லை.

கண் சிவந்து பூளை தள்ளினாலும், பார்வை தெளிவாகவும் வலியின்றியும் இருந்தால், தூய்மையும் பொறுமையும் போதிய மருந்து. நான்கைந்து நாட்களிலும் குணம் காணாவிடில் வைத்தியரை நாடலாம். பார்வை மங்கினால், வலி மிகுந்தால், வெளிச்சம் கூசினால், கருவிழியில் வெண்புள்ளி தோன்றினால், விழியில் அடிபட்டிருந்தால், நோயுற்றது பச்சிளங் குழந்தையாயின், அன்றைய பொழுது சாயுமுன் வைத்தியசாலையை அடைதல் வேண்டும். வீட்டிலுள்ள ஒருவரேனும் இவ்விரண்டு விதிகளையும் நினைவில் வைத்திருந்தால், அந்த வீட்டில் தாமதத்தினால் ஒரு கண் கெட்டுப்போவதற்கு இடமிராது.